கண்டக்டிவிட்டியும் கூவிளந்தண்பூவும்

எங்கள் ஊர்ப் பெயர் கொஞ்சம் நீளம். செம்பரம்பாக்கம். தமிழ் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் 2015 டிசம்பரில் ஏரியிலிருந்து நொடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றின் கரை முழுக்க மிதந்தபோது, வடக்கே இருக்கிற செய்தி வாசிப்பாளர்களும் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டி வந்தது. கரண்ட் வந்த பிறகு டிவியில் பார்த்தேன். ஒருவர் 'செம்பரம்' என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். இன்னொருவர் நடுவில் ஒரு எழுத்தை அப்படியே விழுங்கினார். மூன்றாவது ஆள் கெட்டிக்காரர், 'சென்னைக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஏரி' என்று சொல்லித் தாண்டிப் போய்விட்டார் :-)

அவர்களை யாரும் கேலி செய்யவில்லை. 'இவருக்குப் படிப்பு வராது' என்று யாரும் முடிவு கட்டவில்லை. புது ஊர், நீளமான பேர், நாக்கு தடுக்குகிறது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம். அதுதான் நியாயமும்கூட. ஆனால் இதே நியாயம், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்து, நீளமான ஒரு ஆங்கிலச் சொல்லில் தடுக்கி நிற்கிற பிள்ளைக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

எங்கள் தெருவில் ஒரு தங்கை இருக்கிறாள் (சொந்தத் தங்கை இல்லை, என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள்). அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் பொறியியலுக்கும் வந்ததே, அந்த வழியில் இடம் கிடைத்து இசிஇ சேர்ந்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை.

முதல் வருஷத்தில் செமிகண்டக்டர் பற்றி ஐந்து நிமிஷம் செமினார் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். படம் எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். ஆனால் 'கண்டக்டிவிட்டி' என்ற சொல் வருகிற இடத்தில் எல்லாம் 'திஸ் ப்ராப்பர்ட்டி', 'திஸ் ஒன்' என்று சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். ஏழெட்டு 'திஸ் ஒன்' கேட்டபிறகு, உட்கார்ந்திருந்தவர் சொன்னது: 'பேசிக்ஸே தெரியலையேம்மா.'

"தெரியும்ணா. வாய்ல வரல, அதான்" என்றாள் என்னிடம். அடுத்த செமினார் அன்றைக்கு லீவு போட்டுவிடலாம் என்று முடிவே செய்து வைத்திருந்தாள். இன்றைக்கு ஒரு செமினார், நாளைக்கு ஒரு வைவா, அதற்கப்புறம் வேலைக்கான இண்டர்வியூ. எத்தனை நாளைக்கு லீவு போடுவது? பாடம் தெரிந்த ஒரு பெண், சொல்ல வராத நான்கைந்து சொற்களுக்குப் பயந்து, பாடமே தெரியாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போகிறாள். இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அவள் என்னிடம் உதவி கேட்டதுதான் வேடிக்கை. நான் படிப்பது எம்.ஏ. தமிழ். "என்கிட்ட வந்து இங்கிலீஷ் கேக்கறியே" என்றேன். "நீங்கதான் எதையும் பிரிச்சுப் பிரிச்சுப் படிப்பீங்களேண்ணா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் பொறி தட்டியது. உண்மையில், நீளமான சொல்லைப் பிரிப்பதற்கு நம் தமிழ் வகுப்பில் இரண்டு கத்திகள் கொடுத்திருக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் இரண்டையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறோம்.

முதல் கத்தி, அசை பிரிப்பது. குறளுக்கு அலகிடும்போது செய்வோமே, நேர், நிரை, தேமா, புளிமா... அதுதான். ஒரு குறிலோ ஒரு நெடிலோ தனியாக வந்தாலும் ஒற்றோடு வந்தாலும் நேர். இரண்டு குறில் சேர்ந்தோ, குறிலும் நெடிலும் சேர்ந்தோ, ஒற்றோடு வந்தாலும் ஒற்றில்லாமல் வந்தாலும் நிரை. எங்கள் ஊரையே அலகிட்டுப் பாருங்கள்: செம் / பரம் / பாக் / கம். நேர், நிரை, நேர், நேர். வாய்பாடு கூவிளந்தண்பூ! இவ்வளவு அழகான வாய்பாட்டில் நாங்கள் குடியிருக்கிறோம் என்பது பத்தாம் வகுப்பில் எங்களுக்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் சிலபிள் என்கிறார்களே, அது ஏறக்குறைய இதுதான். ஒரே ஒரு வித்தியாசம். அங்கே ஒரு உயிரொலிக்கு ஒரு அசை, கணக்கு முடிந்தது. நம் நிரையசையில் இரண்டு உயிரொலி இருக்கும். அதனால் 'பரம்' நமக்கு ஒன்று, அவர்கள் கணக்கில் ப, ரம் என்று இரண்டு. செம்பரம்பாக்கம் நமக்கு நாலசை, அவர்களுக்கு ஐந்து.

இதில் நாம் வழக்கமாகச் சறுக்குகிற ஒரு இடம் உண்டு. தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. அந்தப் பழக்கத்தில் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' ஆக்கி ஒரு அசையைக் கூட்டிவிடுகிறோம். கடைசியிலும் அப்படித்தான், 'பஸ்' 'பஸ்ஸு' ஆகிவிடும். 'ஃபிலிம்' நம் வாயில் இரண்டு அசை, அவர்கள் வாயில் ஒன்றே ஒன்று. சின்னச் சொல்லில் இது பெரிதாகத் தெரியாது. ஐந்தாறு அசை உள்ள சொல்லில் இரண்டைக் கூட்டினால் மூச்சே தீர்ந்துவிடும். வெஜிடபிள் என்று எழுத்து எழுத்தாக நாலு அசை போடுகிறோம். அவர்கள் 'வெஜ்-ட-பிள்' என்று மூன்றில் முடித்துவிடுகிறார்கள். எழுத்தை எண்ணாமல் காதில் விழுகிற உயிரொலியை எண்ணினால் பாதி பயம் போய்விடும்.

இரண்டாவது கத்தி, பகுபத உறுப்பிலக்கணம். நன்னூலில் பவணந்தி முனிவர் ஆறு உறுப்பு சொல்கிறார்: பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். 'நடந்தனன்' என்ற சொல் நினைவிருக்கிறதா? நட + த்(ந்) + த் + அன் + அன். நட பகுதி, முதல் த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, ஒரு அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் விகுதி. மனப்பாடம் செய்து கொட்டியிருப்போம்.

இந்தக் கத்தியை அவளுடைய சொல் மேல் வைத்தோம். "செமிகண்டக்டருக்குப் ப்ளஸ் டூ புத்தகத்துல என்ன பேரு?" என்று கேட்டேன். யோசிக்காமல் "குறைக்கடத்தி" என்றாள். அங்கேயே பாதிக் கதவு திறந்துவிட்டது. செமி என்றால் பாதி, குறை. கண்டக்ட் என்றால் கடத்து. கடைசியில் உள்ள 'அர்', அதைச் செய்கிற பொருள், நம் 'இ' விகுதி. குறை + கடத்து + இ. அச்சு அசலாக ஒன்றுக்கு ஒன்று! தமிழ்ப் புத்தகம் எழுதியவர்கள் அந்தச் சொல்லை உறுப்பு உறுப்பாகக் கழற்றித் தமிழில் மறுபடி மாட்டியிருக்கிறார்கள். கண்டக்டிவிட்டி இன்னும் எளிது. கண்டக்ட், அதன் பின்னால் 'இவ்', அதன் பின்னால் 'இட்டி'. கடத்து திறன்.

அந்தக் 'கண்டக்ட்'டையும் இன்னொரு வெட்டு வெட்டலாம். லத்தீனில் 'கான்' என்றால் சேர்த்து, 'டக்ட்' என்றால் இட்டுச் செல்வது. பஸ்ஸில் நம்மைச் சேர்த்து நடத்திக்கொண்டு போகிறவர் கண்டக்டர், தமிழில் நடத்துநர். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு, சினிமாவில் ப்ரொடக்‌ஷன், ஏசி காற்று போகிற டக்ட், எல்லாவற்றிலும் அதே பகுதிதான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பகுதியைப் பிடித்தால் பத்துச் சொல் கூடவே வருகிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டு கத்தியும் ஒரே இடத்தில் வெட்டாது. 'நடந்தனன்' என்பதை அசையாகப் பிரித்தால் நடந் / தனன், நிரை நிரை, கருவிளம். உறுப்பாகப் பிரித்தால் மேலே பார்த்தபடி ஐந்து துண்டு. முதல் வெட்டு வாய்க்கு, இரண்டாவது வெட்டு அர்த்தத்துக்கு. ஆங்கிலத்திலும் அப்படியே. ஹெலிகாப்டரைச் சொல்லும்போது ஹெ-லி-காப்-டர். அர்த்தத்துக்குப் பிரித்தால் 'ஹெலி' + 'காப்டர்' என்றுதான் எல்லோரும் நினைப்போம். இல்லை! அது 'ஹெலிகோ' + 'ப்டர்'. முதலாவது கிரேக்கத்தில் திருகுசுருள், இரண்டாவது இறக்கை. 1861-ல் பிரான்சில் இரண்டையும் ஒட்டி உருவாக்கிய சொல். ஆனால் மக்கள் காதில் விழுந்தபடி வெட்டினார்கள். அதனால் இன்றைக்கு 'ஹெலிபேட்' என்று ஒரு சொல்லே நிலைத்துவிட்டது.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடக்கிறது. ஆவடி என்பது டாங்க் தொழிற்சாலையைக் குறிக்கிற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். 1955-ல் காங்கிரஸ் மாநாடு நடந்தபோதே அந்த ஊர் ஆவடிதான். டாங்க் தொழிற்சாலை வந்தது 1960-களில். அம்மாவுக்கு முன்னால் பிள்ளை பிறந்த கதை :-) ஆகவே அர்த்தத்துக்கு வெட்டும்போது ஒரு தடவை அகராதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னது எல்லாம் நம் கையில் ஏற்கனவே இருப்பது. கையில் இல்லாதது ஒன்று உண்டு. அதுதான் அழுத்தம்.

தமிழில் குறில் நெடில் மாறினால் அர்த்தம் மாறும். படம் வேறு, பாடம் வேறு. ஆனால் எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் படம் படம்தான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு நீளமான சொல்லிலும் ஒரு அசை ராஜா. மற்றவை கொஞ்சம் பதுங்கும், சில பாதி செத்தே போய்விடும். நாம் எல்லா அசைக்கும் சரிசமமாகப் பந்தி பரிமாறுகிறோம். ஜனநாயகம் நல்லதுதான், ஆனால் கேட்கிறவர் காது அந்த ராஜாவைத் தேடிக்கொண்டிருக்கும்.

(இனிமேல் அழுத்தம் விழும் அசையை மேற்கோள் குறிக்குள் போடுகிறேன்.)

நாம் வாங்குகிற காண்டக்ட் சர்டிபிகேட்டில் இருப்பது 'கான்'-டக்ட், அதாவது நடத்தை. அதையே நடத்து என்ற வினையாகச் சொன்னால் கன்-'டக்ட்'. எழுத்து ஒன்றே, ராஜா மாறியதும் பெயர்ச்சொல் வினைச்சொல் ஆகிவிட்டது. இன்னொன்று, 'ஃபோ'-ட-க்ராஃப். அதே கலையைச் சொல்லும்போது ஃப-'டாக்'-ர-ஃபி. ஒரு வால் கூடியதும் அழுத்தம் இடம் பெயர்ந்துவிட்டது.

இந்த அழுத்தம் எங்கே விழும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலும் விகுதியே சொல்லிவிடும். சொல் 'ஷன்', 'இக்', 'இட்டி', 'லஜி', 'க்ரஃபி' என்று முடிந்தால், அந்த வாலுக்கு நேர் முந்தைய அசையில் அழுத்தம். எ-ஜு-'கே'-ஷன். இ-'லெக்'-ட்ரிக். இ-லெக்-'ட்ரி'-சி-டி. பய்-'ஆ'-ல-ஜி. 'இயர்' என்று முடிகிற என்ஜினியர், வாலண்டியர் போன்றவற்றில் வாலே ராஜா: என்-ஜி-'நியர்'. 'இங்', 'நெஸ்', 'மெண்ட்', 'லி', 'அர்' போன்றவை சாதுவான வால்கள், அழுத்தத்தைத் தொந்தரவு செய்யாது. கன்-'டக்ட்' என்பது கன்-'டக்'-டர் ஆனாலும் அழுத்தம் அதே இடம்தான். விதிவிலக்கு இல்லாமல் இருக்குமா? 'பாலிடிக்ஸ்' என்ற சொல்லில் முதல் அசையிலேயே அழுத்தம். அரசியல் எந்த விதிக்கும் கட்டுப்படாது என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்!

அவள் அப்பா ஒரு நாள் நாங்கள் படிப்பதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கற்றுக்கொள்ள ஒரு நல்ல சொல் இருந்தது. லேத்தில் கடைந்த பொருளின் கனம் பார்க்கிற மைக்ரோமீட்டர். சாதாரணமாக மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். அந்தக் கருவியைச் சொல்லும்போது மை-'க்ரா'-மி-டர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான அளவைச் சொல்லும்போது 'மைக்'-ரோ-மீ-டர். தெர்மாமீட்டரும் கருவிதான், அதனால் தெர்-'மா'-மி-டர். அர்த்தத்துக்குப் பிரித்தால் தெர்மோ + மீட்டர், நம் வெப்பமானி. சொல்லும்போது அந்த ஒட்டுக்கு மேலேயே அழுத்தம் ஏறி உட்கார்ந்துவிடுகிறது, ஒட்டே தெரியாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நாங்க அந்த அளவை மைக்ரான்னு சொல்லிட்டுப் போயிடுவோம்பா. கருவி வேற, அளவு வேறன்னு குழப்பமே வராது." ஷாப் ஃப்ளோரில் அவர்களே வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மொழியியல் படிக்காத மொழியியல்!

இப்போது நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம், செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்.

முதலில் வாலைப் பிடிக்க வேண்டும். கண்டக்டிவிட்டியின் வால் 'இட்டி'. அதனால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம். இரண்டாவது, உயிரொலி எண்ணிப் பிரிக்க வேண்டும்: கான்-டக்-'டி'-வி-டி. ஐந்து. மூன்றாவது, பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். முன்னாலிருந்து ஆரம்பித்தால் நடுவில் தைரியம் போய்விடும். பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு தடவையும் தெரிந்த இடத்தில் போய் முடியும். டி... வி-டி... 'டி'-வி-டி (பழைய படம் வாங்குவோமே, அந்த டிவிடிதான் என்று சிரித்தாள்)... டக்-'டி'-வி-டி... கான்-டக்-'டி'-வி-டி. நான்காவது, அதே சொல்லை உறுப்பாகப் பிரித்துப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுத வேண்டும். கடைசியாக அகராதியில் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிரிட்டிஷ் அகராதிகளில் அழுத்தக் குறி, அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் இருக்கும். சில அமெரிக்க அகராதிகளில் பின்னால் இருக்கும். எந்த அகராதி என்று பார்க்காமல் படித்தால் ராஜாவுக்குப் பதில் மந்திரிக்கு முடிசூட்டிவிடுவோம்.

ஒரு நாளைக்கு ஐந்து சொல். அவளுடைய பாடப் புத்தகத்திலிருந்தே எடுத்தோம். இரண்டு வாரத்தில் நோட்டில் அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அடுத்த செமினாருக்கு லீவு போடவில்லை. போய் நின்று பேசினாள். மாயம் ஒன்றும் நடந்துவிடவில்லை, வேகம் குறைவுதான், இலக்கணத்தில் அங்கங்கே இடித்தது என்று அவளே சொன்னாள். ஆனால் 'திஸ் ஒன்' ஒரு தடவைகூட வரவில்லை. பேசி முடித்ததும் ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார். "பாடத்துலேருந்து கேட்டார்ணா" என்றாள். அந்த 'பாடத்துலேருந்து' என்பதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே... உச்சரிப்பைத் தாண்டி, அவளுக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றி ஒருவர் அவளிடம் பேசியிருக்கிறார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன்காரர் மாதிரி பேச வேண்டும் என்பது என் கட்சி இல்லை. நம் ஆங்கிலத்தில் தமிழ் வாசனை அடித்தால் அடிக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சொல்லைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிற பயம் வேறு விஷயம். அது பழகினால் போகக்கூடியது. அதற்கான பாதிப் பயிற்சி நம் தமிழ் வகுப்பிலேயே நடந்து முடிந்திருக்கிறது என்பதை யாரும் நம்மிடம் சொல்வதில்லை. தமிழ் பீரியடில் அலகிட்டு முடித்துவிட்டு, அடுத்த மணி அடித்ததும் ஆங்கில பீரியடில் நீளமான சொல்லைப் பார்த்து நடுங்குகிறோம். இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் ஒரே சொல்லை இருவரும் சேர்ந்து கரும்பலகையில் பிரித்துக் காட்டினால் எத்தனை பிள்ளைகளுக்கு வாய் திறக்கும்!

அதுவரை நாமே செய்யலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆங்கிலம் வாசிக்கும்போது ஒரு சொல்லில் நின்று, பிறகு அதை முணுமுணுத்துத் தாண்டிப் போகிற பிள்ளை நிச்சயம் ஒன்று இருக்கும். 'சரியா படி' என்று அதட்டாமல், அந்தச் சொல்லின் வால் எது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பழகுவதற்கு ஒரு சொல் தருகிறேன்: இண்டஸ்ட்ரியலைசேஷன். தமிழில் தொழில்மயமாக்கம். அசை ஏழு. அழுத்தம் எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை, வாலைப் பாருங்கள்.